கட்டை விரல் சொன்னது

போன வாரம் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு உள்ளே போன மருமகளை நீங்கள் ஆளுக்கு நாலு வார்த்தை திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. மாமியார் அப்படி என்ன கேட்டுவிட்டாள், நகையா நட்டா? "அவன் ஆசை ஆசையாப் பார்த்த கடலடியை நானும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்றாள். அதற்கு, "உங்களுக்கு எதுக்கு அத்தை டைவிங்? வேண்டாம். சொன்னா கேளுங்க" என்று பதில், கூடவே அந்தக் கதவு. பெற்ற வயிறு எப்படி எரிந்திருக்கும்?

இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மாமியாருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது தொழில். தெருவே அவளை மிஸ் என்றுதான் கூப்பிடும். அவள் கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஒரே மகன், லிஃப்ட் இன்ஜினியர். "மேல போறது, கீழ வர்றது, இதாம்மா என் பொழப்பு" என்று சிரிப்பான். லீவு கிடைத்தால் அதையே கடலுக்குள் போய்ச் செய்வான், முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு. கட்டிக்கொண்டவளையும் கடலுக்கடியில்தான் கண்டுபிடித்தான். அவள் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவள். மீன்குட்டி என்று அவன் மட்டும் கூப்பிடுவான். இப்போது அப்படிக் கூப்பிட ஆள் இல்லை.

மழை ஆரம்பித்த சமயம் அவன் கணையத்தில் சீழ் வைத்துவிட்டது. ஒரு ஆபரேஷன் ஆகி, ஐ.சி.யூ.வில் வாயில் குழாயோடு படுத்திருந்தான். பார்க்கப் போன மிஸ்ஸிடம் மெதுவாகக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

அது மிஸ்ஸின் விரல். கார் பழக வருகிறவர்கள் வளைவில் ஒழுங்காகத் திருப்பினால் அவள் பேசமாட்டாள், கட்டை விரலைத்தான் உயர்த்துவாள். நல்லா பண்ற, போய்க்கிட்டே இரு என்று அர்த்தம். மகனுக்கும் அந்த விரலைக் காட்டித்தான் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். அதனால் வெளியே ஓடிவந்து, "நல்லா இருக்கேன்னு சொல்றான்" என்று கணவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அந்தத் தெம்பில்தான் வீடே இரண்டாவது ஆபரேஷனுக்குச் சரி என்றது. அதற்குப் பிறகு அவன் பட்ட பாட்டை முன்பே எழுதிவிட்டேன். திரும்ப எழுதக் கை வரவில்லை.

ஆனாலும் அந்த விரல் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வீடு எழுந்து நடமாடுகிறது. போகும்போது பிள்ளை தைரியமாகத்தான் இருந்தான், அம்மாவுக்கு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனான் என்று மிஸ் நம்புகிறாள். அதுவும் இல்லையென்றால் அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை.

இனி இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

காலையில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் பனி பூத்துக்கிடந்தது. மருந்துக்கடைக்காரர் ஸ்வெட்டரைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு கழற்றத் தெரியாமல் முழித்தார். மிஸ் வந்து இழுத்துவிட்டாள்.

"இன்னிக்கு முதல் டைவிங் க்ளாஸ், போற ஊரும் முடிவாயிடும் இல்ல?" என்றார் அவர்.

"ஆமை என்ன சொல்றாரோ பார்க்கணும்."

ஆமை என்பது டைவிங் கடைக்காரர். மகன் வைத்த பெயர். அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

"வெதுவெதுப்பான தண்ணியா பார்க்கச் சொல்லு. இந்தக் குளிர்லேர்ந்து தப்பிச்சு இன்னொரு குளிர்ல போய் விழ வேண்டாம்" என்றார் அவர். மகன் சொன்னதும் அதுதான். குளிர்காலம் வந்தா உங்க ரெண்டு பேரையும் வெந்நீர் மாதிரி ஒரு கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன் என்றான். குளிர்காலம் சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்டது.

"நீங்களும் இறங்கலாம்ல? கரையிலேயே உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?"

"உங்க ரெண்டு பேர் செருப்பையும் பார்த்துக்குறேன். அதுக்கும் ஆள் வேணும்ல?" என்றவர் ஏனோ தனக்குள் சிரித்துக்கொண்டார். "கடைக்குப் போற வழியில எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு. சாயங்காலம் சொல்றேன்."

வாசலுக்குப் போகுமுன் சுவரில் இருந்த மகனின் படத்தைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். "வரேன்டா." தினமும் நடக்கிற காரியம். மருந்து விற்கிறவருக்குப் பெண்டாட்டி கொடுத்த மருந்து அது. நேரம் தவறாமல் சாப்பிட்டுவருகிறார்.

காரை மருமகள்தான் ஓட்டினாள். மிஸ் பக்கத்தில். கார் பழக்கும் வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் இருக்கும், பழகிய கால் சும்மா இருக்குமா? இல்லாத பிரேக்கை வழியெல்லாம் மிதித்துக்கொண்டே வந்தாள்.

"சிக்னல் விழப்போகுது."

"பார்த்துட்டேன் அத்தை."

"கதவைச் சாத்தினியே, அப்பவும் பார்த்துட்டுதான் சாத்தினியா?"

மருமகள் கியரை மாற்றினாள். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல் இடுக்கில் லேப் பவுடர் வெள்ளையாகப் படிந்திருந்தது. முகம் கழுவிய முகமாக இல்லை, அழுத முகமாக இருந்தது. மிஸ் அதைக் கவனித்தாள். கவனித்தும் மனம் இளகவில்லை.

"எனக்கு நீச்சல் தெரியும். காது நல்லா இருக்கு, நெஞ்சு நல்லா இருக்குன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டார். உனக்கு மட்டும் என்ன?"

"பயமா இருக்கு."

"எனக்கா உனக்கா?"

"எனக்குத்தான்."

"அவன் போன இடத்துக்கெல்லாம் நீ மட்டும்தான் போகணும்னு இருக்கு உனக்கு. அதை நேராச் சொல்லிடு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நினைத்துக்கொள்ளாமல் யார்தான் இப்படிப் பேசுவார்கள்? மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் வேணாம்னு சொன்னதுக்குக் காரணம் அது இல்ல" என்று மட்டும் சொன்னாள். அதற்குள் கடை வந்துவிட்டது.

கடை முழுக்க ரப்பர் வாசனை. ரப்பர் உடுப்புகள் வரிசையாகத் தொங்கின. ஆமை, மிஸ்ஸை உட்காரச் சொல்லி, சுவரிலிருந்த கடல் வரைபடத்தின் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டார்.

மிஸ் நேராகப் போய்த் தூரத் தீவின் மேல் விரல் வைத்தாள். அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும். மகனும் மருமகளும் கல்யாணம் ஆன புதிதில் போன தீவு. அங்கே கடலுக்கடியில் பெரிய பாறைத் திட்டு ஒன்று இருக்கிறதாம், அதன் விளிம்பில் உட்கார்ந்தால் கீழே நீலம் மட்டும்தானாம். "நம்ம மொட்டை மாடியில உக்காந்திருக்கற மாதிரியே இருக்கும்மா" என்று சொல்லியிருந்தான்.

"இங்கதான் சார்."

ஆமை தாடையைச் சொறிந்தார். "நல்ல இடம்தான் மிஸ். ஆனா குளிர்காலத்துல அங்க காத்து திரும்பிடும். படகு தூக்கித் தூக்கிப் போடும். தண்ணிக்குள்ள போனா நீரோட்டம் இழுக்கும். பழகினவங்களுக்கு அது விளையாட்டு. புதுசா கத்துக்கிட்டவங்க அங்க தவிச்சுப்போயிடுவாங்க."

"லைசென்ஸ் வாங்கின அன்னிக்கே மலைப்பாதையில லாரி ஓட்டுற மாதிரின்னு சொல்றீங்க."

"அதேதான்."

தன் தொழில் பாஷையில் சொன்னபிறகு மிஸ்ஸால் மறுக்க முடியவில்லை. ஆனாலும் விரலை எடுக்கவில்லை.

ஆமை இன்னொரு ஊரைக் காட்டினார். பக்கம், போகவர சுலபம், தண்ணீரும் சூடு. ஆனால் ஆறு வந்து கலக்கிற இடம், கழனித் தண்ணீர் மாதிரி கலங்கிக்கிடக்கும் என்றார். "கூட வர்ற ஆள் முகமே தெரியாது. புதுசா இறங்குறவங்களுக்கு முதல் பயமே அதுதான். கீழ போனா கண்ணுக்கு ஆள் தெரியணும்."

கடைசியாக வளைகுடாவைக் காட்டினார். மூன்று பக்கமும் மலை மறைப்பதால் குளிர்காலக் காற்று உள்ளே வராதாம். தண்ணீர் வெந்நீர் விளாவி வைத்த மாதிரி இருக்குமாம். "படகே வேண்டாம் மிஸ். கரையிலேர்ந்து நடந்தே இறங்கலாம். மணல்தரை, மெதுவா சரியும். நீங்க இறங்கப்போற ஆழத்துல எதாவது பயமா இருந்தா எழுந்து நின்னா போதும், தலை வெளிய இருக்கும். ஆஸ்பத்திரியும் ஊருக்குள்ளயே இருக்கு."

"அவன் அங்க போயிருக்கானா?"

"இல்ல."

"அப்போ எனக்கு எதுக்கு சார் அது?"

கடைக்குள் வந்த பிறகு மருமகள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "வளைகுடாவுக்கே போகலாம் அத்தை. அங்க டைவிங்கே வேண்டாம். கண்ணாடி போட்டுக்கிட்டு மேல மிதந்தாலே எல்லாம் தெரியும். இந்த க்ளாஸும் தேவையில்ல. இப்படியே வீட்டுக்குப் போயிடலாம்."

"எப்படியாவது என்னை மேலயே மிதக்கவிட்டுடணும் உனக்கு" என்றாள் மிஸ். "நான் க்ளாஸுக்குத்தான் வந்தேன். முடிச்சுட்டு ஊர் எதுன்னு சொல்றேன்."

உடுப்பு மாற்றப் போகும்போது திரும்பிப் பார்த்தாள். மருமகள் ஆமையிடம் குனிந்து ஏதோ கெஞ்சுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தாள். அவர் சரி சரி என்று தலையாட்டினார்.

கடைக்குப் பின்னாலேயே பயிற்சிக் குளம். கண்ணாடிக் கூரை, தண்ணீரிலிருந்து ஆவி. ரப்பர் உடுப்புக்குள் மிஸ் நுழைந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள், தலையணைக்கு உறை போடுகிற பாடுதான். உருளையை முதுகில் ஏற்றினார்கள். மூச்சுக் குழாயின் முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னார் ஆமை.

கடித்த அந்த நொடி அவளுக்கு மகனின் வாய் ஞாபகம் வந்தது. குழாய் இருந்தால் வாய் பேசாது, கைதான் பேச வேண்டும். என் கண்ணே, இப்படித்தான் இருந்ததா உனக்கு என்று நினைத்தாள். கண்ணாடிக்குள் கண்ணீர் வந்தது. நல்லவேளை, குளத்தில் இறங்குகிறவள் கண்ணில் ஈரம் இருந்தால் யாருக்கும் தெரியாது.

மிஸ்ஸும் ஆமையும் கீழே போய் முட்டிபோட்டு உட்கார்ந்தார்கள். உஸ்ஸென்று காற்று வந்தது, குபுகுபுவென்று போனது. பயம் போய்விட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நெஞ்சுக்குள் ஒரு லேசு. இதற்காகத்தான் வந்தாயா நீ, இந்த அமைதிக்காகத்தான் லீவு லீவாக ஓடிவந்தாயா?

ஆமை, ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். எப்படி இருக்கிறது என்கிறார் போலிருக்கிறது. மிஸ் பெருமையாகக் கட்டை விரலை உயர்த்தினாள்.

உடனே அவர் அவள் தோளைப் பிடித்து மேலே கூட்டிவந்துவிட்டார்.

"என்ன மிஸ், மூச்சு முட்டுதா?"

"இல்லையே, நல்லா இருக்கே."

மறுபடி கீழே. மறுபடி வட்டம். மறுபடி மிஸ் கட்டை விரல். மறுபடி மேலே.

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் நல்லா இருக்கேன்னு சொல்லச் சொல்ல ஏன் சார் மேல இழுத்துட்டு வரீங்க? இப்படியே போனா கடலுக்குப் போனதும் நான் மேலயும் கீழயும் லிஃப்டு மாதிரிதான் போய் வந்துக்கிட்டிருப்பேன்."

ஆமை சிரிக்கவில்லை. குழம்பிப்போய்ப் பார்த்தார். "சைகையெல்லாம் வீட்டிலேயே சொல்லிக் குடுத்துட்டேன், நீங்க சொல்ல வேண்டாம்னு உங்க மருமக சொன்னாங்களே."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"அப்படியா? அப்போ இதை முதல்ல தெரிஞ்சுக்கங்க மிஸ். தண்ணிக்குள்ள கட்டை விரல் காட்டுனா நல்லா இருக்கேன்னு அர்த்தம் இல்ல. மேல போகணும்னு அர்த்தம். போதும், இதோட முடிச்சுக்கலாம்னு அர்த்தம். நல்லா இருந்தா இந்த வட்டம்."

மிஸ் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆமைக்கு ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக்குத் தன் வேகத்தில் சொல்லிக்கொண்டே போனார். "புதுசா வர்ற எல்லாரும் இந்தத் தப்பைப் பண்ணுவாங்க. ஒருத்தர் கட்டை விரல் காட்டிட்டா, ஏன் எதுக்குன்னு கேக்கவே கூடாது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமேன்னு கெஞ்சக் கூடாது. கூட இருக்கிறவங்க உடனே மேல கூட்டிட்டு வந்துடணும். ஜோடியாப் போனவங்க ஜோடியாத்தான் வரணும். இதை மட்டும் யாரும் மாத்த முடியாது."

வட்டம். அந்த வட்டத்தை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். வெளியூரில் வேலைக்குப் போனால் போனில் முகம் காட்டிப் பேசுவானே, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டால் விரல்களைச் சேர்த்து வட்டம் காட்டுவான். "என்னடா இது, பொடி போடுறவன் மாதிரி" என்று அவளே கிண்டல் செய்திருக்கிறாள். நல்லா இருந்தால் வட்டம். எப்போதும் வட்டம்தான். அன்றைக்கு மட்டும் வட்டம் இல்லை.

போதும்மா என்றிருக்கிறான். மேலே போகிறேன் என்றிருக்கிறான். அவள் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, சிரித்து, இன்னொரு தடவை கத்தி வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"மிஸ், என்ன பண்ணுது?"

"ஒண்ணும் இல்ல சார். கொஞ்சம் உக்கார்றேன்."

மருமகள் குளத்தின் மறு ஓரத்தில் கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆமை சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. முகம் செத்துப்போயிருந்தது. மிஸ் நனைந்த உடுப்போடு சுற்றிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆமை ஏதோ புரிந்துகொண்டவர் போல உருளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

மருமகள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"அதான் க்ளாஸ் வேண்டாம்னியா?"

மருமகள் தலையை ஆட்டினாள். "நீங்க வந்தா தெரிஞ்சுடும். அதான் தடுத்துப் பார்த்தேன். கேக்கலை. சைகையெல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன், நீங்க சொல்லாதீங்கன்னு அவர்கிட்ட கெஞ்சினேன். உங்களுக்குன்னு வேற ஏதாவது சைகை வெச்சுக்கலாம், எப்படியாவது சமாளிச்சுடலாம்னு நெனச்சேன். பைத்தியக்காரத்தனம்தான்."

மிஸ் ஓங்கி ஒன்று விடலாமா என்றுகூட நினைத்தாள். கை எழவில்லை.

"டாக்டர் கேட்டப்போ நீ ஏன் வாயைத் திறக்கலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அத்தை, அது அப்படி இல்லன்னு ஒரு வார்த்தை."

"சொல்லணும்னுதான் பின்னாடியே ஓடிவந்தேன். நீங்க சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. மாமா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பொழச்சுட்டான்மா, பொழச்சுட்டான்னு அழுதாரு." அவள் காலால் தண்ணீரைத் தள்ளினாள். "அதுவும் சாக்குதான் அத்தை. நிஜம் அது இல்ல. எனக்கு அவர் வேணும். மேல போறேன்னு சொல்றாரு, நான் விடலை. நாங்க எத்தனையோ தடவை இறங்கியிருக்கோம். அவர் விரலைக் காட்டினா நான் ஒரு தடவைகூட ஏன்னு கேட்டதில்ல. அன்னிக்கு ஒரு தடவைதான் அவர் சொன்னதைக் கேக்காம இருந்துட்டேன். காட்டினதையே பார்க்காத மாதிரி இருந்துட்டேன்."

கண்ணாடிக் கூரையிலிருந்து பனி நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மிஸ்ஸுக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். மனசு கேட்டால்தானே?

"அவன் என்னைப் பார்த்துதானே காட்டினான்?"

மருமகள் தண்ணீரையே பார்த்தாள்.

"நீ எங்க நின்னுக்கிட்டிருந்த?"

"உங்களுக்குப் பின்னாடி."

இத்தனை மாதம் அந்த விரலைத் தன்னுடையது என்று மடியில் கட்டிவைத்திருந்தாள். அதுவும் அவளுடையது இல்லை என்று ஆகிவிட்டது. மிஸ் வாய்விட்டு அழுதாள். ஆஸ்பத்திரியிலும் இப்படி அழவில்லை, வீட்டிலும் அழவில்லை. அந்த விரல் அழவிடவில்லை. இப்போது அது போய்விட்டது.

மருமகள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல அத்தை. உங்களுக்கும் இருக்கலாம். கார் ஓட்டக் கத்துக்குடுத்தப்போ நீங்க காட்டின விரல்னு எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கார். உங்க பாஷையில நல்லா இருக்கேன்னுதான் சொல்லியிருப்பார். யார் கண்டா?"

"பொய் சொல்லாத. உனக்கு அது வராது."

"இத்தனை நாள் சொன்னேனே."

"அது பொய் இல்லடி" என்றாள் மிஸ். "நீ தனியாச் சுமந்துக்கிட்டிருந்திருக்க. நான் என்னடான்னா, எம் புள்ளை போன இடத்துக்கு என்னை விடமாட்டேங்கிறாளேன்னு உன்னை வாயில வந்ததெல்லாம் பேசினேன்."

அவள் டி என்று சொன்னது இதுதான் முதல் தடவை. இருவரும் அதைக் கவனிக்கவில்லை. தோளோடு தோள் சாய்ந்து, தண்ணீரில் கால் போட்டபடி, ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்கள்.

கடைக்குள் வந்ததும் மிஸ் வரைபடத்தின் முன் நின்றாள். தூரத் தீவை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"வளைகுடாவே போடுங்க சார்."

ஆமைக்கு ஆச்சரியம். "தீவு தீவுன்னு நின்னீங்களே."

"எழுந்து நின்னா தலை வெளிய இருக்கும்னு சொன்னீங்கல்ல? அது போதும். யாருக்கு எப்போ போதும்னு தோணுதோ, அப்போ எழுந்து நின்னுக்கலாம். யாரும் யாரையும் ஏன்னு கேக்க வேண்டாம்."

ஆமை மருமகளைப் பார்த்தார். அவள் விரல்களைச் சேர்த்து வட்டம் காட்டினாள். அவர் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது மிஸ்ஸின் கால் பிரேக்கை மிதிக்கவில்லை. கால் இருக்கிற ஞாபகமே அவளுக்கு இல்லை.

"மாமாகிட்ட சொல்லணுமா?" என்று மருமகள்தான் கேட்டாள்.

"வேண்டாம். அவர் பார்க்கலை, நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். காலையில அந்தப் படத்தைப் பார்த்து விரலைக் காட்டிட்டுத்தான் கடைக்குப் போறார். நானே குடுத்துட்டு நானே பிடுங்கறதா?" மிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவர் கரையில உக்காந்து செருப்பைப் பார்த்துக்கட்டும். அவருக்கு இது தெரியவே வேண்டாம்."

"சரி அத்தை."

"இனிமே ரெண்டு பேருமா சுமப்போம்."

வீட்டு வாசலிலேயே மருந்துக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். பார்த்ததும் இருவரும் திடுக்கிட்டார்கள். மனுஷர் தண்ணீருக்குள் போடுகிற நீச்சல் கண்ணாடி ஒன்றைப் புதிதாக வாங்கி, மூக்குக் கண்ணாடிக்கு மேலே நெற்றியில் மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருந்தால் பத்து நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

"காலையில ஒரு வேலைன்னு சொன்னேன்ல? டாக்டர்கிட்ட போனேன். பிரஷர் கட்டுக்குள்ள இருக்கு, காதும் சுத்தம், தாராளமா இறங்கலாம்னுட்டார்." சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து ஆட்டினார். "உங்களுக்குத் தெரியாம செய்யணும்னுதான் சொல்லலை. கரையில உக்காந்து செருப்பு பார்க்கவா எம் புள்ளை என்னைக் கூப்பிட்டான்? ஊர் முடிவாயிடுச்சா?"

"வளைகுடா மாமா" என்றாள் மருமகள்.

"பேஷ். அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் ஆமைகிட்ட வந்துடறேன். கண்ணாடி வாங்கின கடையில ஒரு பையன் சொன்னான், அங்க முதல் பாடமே சைகைதானாம். கையாலயே எல்லாம் பேசணுமாம். அதுல நான் ஏற்கெனவே பாஸ்." அவர் உள்ளே திரும்பி, சுவரில் இருந்த மகனைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். "டேய், அப்பாவும் வரேன்டா."

மிஸ் மருமகளைப் பார்த்தாள். மருமகள் தரையைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எதுக்குங்க டைவிங்?" என்றாள் மிஸ். "வேண்டாம். சொன்னா கேளுங்க."

சொன்ன பிறகுதான் அது யார் வாயிலிருந்து வந்த வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது.

அவர் திரும்பினார். நெற்றிக் கண்ணாடி சரிந்து, ஆசையாய் நீட்டிய பண்டத்தைத் தட்டிவிட்டால் குழந்தை விழிக்குமே, அப்படி விழித்தார்.

"என்னம்மா, நீயும் அவளை மாதிரியே பேசுற? காலையில நீதானே கூப்பிட்ட?" இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் வேண்டாம்?"

அவருடைய கட்டை விரல் இன்னும் மகனைப் பார்த்து உயர்ந்தே இருந்தது.